பழைய 841 ரவுட்டரில் 4 எம்பி பிளாஷைக் கழற்றி 16 எம்பி போடலாமா?

வாவியோரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். ஊருக்குள் பைபர் வந்த பிறகு ஆளாளுக்குப் பழைய ரவுட்டரை அலுமாரிக்கு மேல் தூக்கிப் போட்டுவிட்டார்கள். கேட்டுக் கேட்டு வாங்கியதில் டி.பி. லிங்க் 841 என், வி8 நாலைந்து என்னிடம் சேர்ந்துவிட்டன.

வீட்டு முன் அறையில் அக்கா ரியூசன் எடுக்கிறா. பிள்ளைகளின் போன்களுக்குத் தனி நெட்வொர்க் வேண்டும், விளம்பரங்களைத் தடுக்க வேண்டும், பின்னால் ஒருவர் வீடியோ பார்த்தால் அக்காவின் சூம் வகுப்பு திக்கக் கூடாது. அதற்காக ஒன்றில், ரவுட்டரின் சொந்த மென்பொருளுக்குப் பதிலாகப் போடும் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. 19.07.10 ஏற்றினேன். ஓடுகிறது. ஆனால் எஸ்.கியூ.எம். (ஒருவரே லைனை அடைத்துக்கொள்ளாமல் பார்க்கும் பகுதி) போடப் போனால் இடமில்லை என்கிறது. புதிய பதிப்புகளில் இந்த மொடலுக்கு ஏற்றக்கூடிய பைலே (இமேஜ்) இல்லை.

திறந்து பார்த்தேன். 25 கியூ 32 என்று 4 எம்பி பிளாஷ் சிப் ஒன்று, எட்டுக் காலுடன் இருக்கிறது. அதை எடுத்துவிட்டு 16 எம்பியான 25 கியூ 128 போட்டால் சரிவருமா? பழையதை அப்படியே கொப்பி பண்ணினால் போதுமா? என்னிடம் சாதாரண சோல்டர் அயர்னும் ஒரு மலிவான ஹொட் எயார் கன்னும் இருக்கின்றன. மட்டக்களப்பு டவுனில் சிப் கிடைக்குமா, கொழும்புக்குத்தான் சொல்லிவிட வேண்டுமா?

ஊறணிச்சந்தி எழுதியது:

வீண் வேலை. யாரிடமாவது பழைய ஆர்ச்சர் சி7 வி2 ஒன்று வாங்குங்கள். 16 எம்பி பிளாஷ், 128 எம்பி ரேம், கிகாபிட் போர்ட், 5 கிகாஹேர்ட்ஸும் உண்டு. 841-இல் எதை மாற்றினாலும் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது.

சாய்ந்தமருது_பட்டறை எழுதியது:

ஊறணி சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் கையில் சும்மா கிடக்கும் போர்டில் கை பழகாமல் வேறு எதில் பழகுவது? சி7-ஐ வாங்கி அதில் முதல் சோல்டர் வைக்கச் சொல்கிறீர்களா?

தம்பி, சிப் மாற்றுவது சின்ன வேலை. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுக்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது பழைய சிப்பின் கடைசி 64 கிலோபைட்டை நினைத்து.

4 எம்பி என்றால் 4096 கிலோபைட். முதல் 128 கிலோபைட் யு-பூட்டுக்கு, அதாவது கரண்ட் கொடுத்ததும் ரவுட்டரை எழுப்பும் புரோகிராமுக்கு. மெக் முகவரியும் (பெட்டியின் அடையாள எண்) அந்த 128-க்குள் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கடைசி 64-க்கு ஆர்ட் என்று பெயர். நடுவில் மிஞ்சும் 3904-க்குள்தான் கேர்னல் (மென்பொருளின் மையப் பகுதி), பைல்கள், நீங்கள் செய்யும் செட்டிங் எல்லாம் குடியிருக்க வேண்டும். உங்களுக்கு இடமில்லை என்று சொல்வது இந்த நடுப்பகுதி. ஆர்ட்டுக்குள் இருப்பது அந்த போர்டின் ரேடியோ அளவீடு. தொழிற்சாலையில் ஒவ்வொரு போர்டாக அளந்து எழுதியது. அதே மொடல் என்றாலும் உங்கள் நாலைந்துக்கும் ஆர்ட் ஒன்றாக இருக்காது. எனவே ஒவ்வொன்றையும் தனித்தனி பைலாக எடுத்து, பெட்டியின் அடியில் உள்ள மெக் முகவரியையே பைல் பெயராக வையுங்கள்.

வேறெங்கோ பிளாஷ் மாற்றிய 841 ஒன்றை ஒருவர் என்னிடம் கொண்டுவந்தார். கேபிளில் நன்றாக வேலை செய்கிறது, வைஃபை மட்டும் பட்டியலிலேயே இல்லை. அன்டெனா பழுது என்று யாரோ சொல்ல, மனுசன் அதையும் மாற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். சிப்பை வாசித்துப் பார்த்தால் கடைசிப் பகுதி முழுக்க வெறுமை. பழைய சிப் எங்கே என்று கேட்டேன். கூட்டி அள்ளிப் போய்விட்டதாம். இன்னொரு போர்டின் ஆர்ட்டைப் போட்டு வைஃபையை எழுப்பிக் கொடுக்கலாம்; கொடுத்தேன். ஆனால் இரவல் அளவுக்கு அந்த போர்டின் ரேடியோ சரியாக ஓடும் என்று உத்தரவாதம் கொடுக்க என்னால் முடியாது.

உங்களிடம் 19.07 ஓடுகிறதே, நல்லது. அயர்னைச் சூடாக்கும் முன் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். (கட்டளை தட்டும் தொடர்பு) வழியாக ரவுட்டருக்குள் போய் எல்லாப் பகுதிகளையும் ஒவ்வொன்றாகக் கணினிக்கு இறக்கிக்கொள்ளுங்கள். ஆர்ட் பைல் சரியாக 65,536 பைட் இருக்க வேண்டும்.

அப்புறம், வெறும் கொப்பி போதாது. பழைய 4 எம்பியைப் புதிய சிப்பின் தொடக்கத்தில் எழுதினால் ரவுட்டர் பழையபடி எழும்பும், ஆனால் மிச்ச 12 எம்பி இருப்பதே அதற்குத் தெரியாது. சிப்பில் எங்கே எது என்று சொல்வது பேர்ம்வேருக்கான (ரவுட்டரில் ஏற்றும் மென்பொருளுக்கான) மூலத்தில் இருக்கும் டி.டி.எஸ். பைல். அதில் நடுப்பகுதியின் அளவைக் கூட்டி, ஆர்ட்டைச் சிப்பின் புதிய கடைசிக்கு நகர்த்தி, இமேஜ் வரையறையில் 4 எம் என்பதை 16 எம் ஆக்கி, மூலத்திலிருந்து பேர்ம்வேரை நீங்களே கம்பைல் பண்ண (உருவாக்க) வேண்டும். லினக்ஸ் கணினியும் பொறுமையும் இருந்தால் போதும். இறக்கி வைத்த ஆர்ட்டையும் புதிய சிப்பின் கடைசி 64-இல் எழுத மறக்க வேண்டாம்.

16-க்கு மேல் ஆசைப்படவும் வேண்டாம். இந்தச் சிப்களிடம் முகவரி கேட்பது 24 பிட்டில். 24 பிட்டுக்குள் எட்டும் தூரம் 16 எம்பிதான். 32 போட்டால் 4 பைட் முகவரிக்கு மாற வேண்டும். ரீபூட் பண்ணும்போது சிப் அந்த நிலையிலேயே நிற்க, பூட் பண்ணும் பகுதி பழைய முறையில் கேட்க, இரண்டும் முட்டிக்கொண்டு நின்றுவிடும். பிளக்கைக் கழற்றி மாட்டினால்தான் எழும்பும்.

இனி முக்கியமான விசயம். பிளாஷை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். இந்த போர்டில் ரேம் 32 எம்பி. புதிய பதிப்பைப் பிளாஷில் ஏற்ற இடம் வந்துவிடும், ஓட இடம் இருக்காது. இணையப் பக்கத்தைத் திறந்துகொண்டு விளம்பரத் தடுப்புப் பட்டியலையும் ஏற்றினால் கேர்னல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்றுவிடும். ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. காரர்கள் 4 எம்பி, 32 எம்பி பெட்டிகளை 2022-இல் 19.07.10-உடன் கைவிட்டதற்கு இரண்டும் சேர்ந்துதான் காரணம். நான் செய்தால் இரண்டையும் மாற்றுவேன், இல்லாவிட்டால் தொடவே மாட்டேன்.

வி8-இல் ரேம் டி.டி.ஆர்.1, 66 கால். 64 எம்பி சிப்புக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. பழைய லாப்டாப்பின் 512 எம்பி டி.டி.ஆர்.1 மெமரி ஒன்றைத் தேடுங்கள். எட்டுச் சிப் இருந்தால் ஒவ்வொன்றும் 64 எம்பி. ஆனால் சிப் 16 பிட் அகலம் உள்ளதா என்று அதன் இலக்கத்தைத் தேடிப் பார்த்தே கழற்றுங்கள். 8 பிட் என்றால் இந்த போர்டுக்கு ஆகாது. யு-பூட்டைப் பொறுத்தவரை, ரேம் அளவைத் தானாகக் கண்டுபிடிக்கும் யு-பூட் மொட் (மாற்றியமைத்த யு-பூட்) இருக்கிறது, அதையே போடுங்கள். ரீசெட்டை அழுத்திப் பிடித்தபடி கரண்ட் கொடுத்தால் பிரவுசரிலேயே பேர்ம்வேர் ஏற்றும் பக்கம் வரும். கம்பைல் பண்ணியதில் ஏதும் பிழை வந்தாலும் திரும்பச் சோல்டருக்குப் போக வேண்டி வராது.

பிளாஷ் சிப்பை டவுனில் தேடி அலைய வேண்டாம். செத்த டெஸ்க்டொப் மதர்போர்டின் பயாஸ் சிப்பை (கணினியைத் தொடக்கும் மென்பொருள் இருக்கும் சிப்) பாருங்கள், கொஞ்சம் புதிய போர்டுகளில் 25 கியூ 128 இருக்கும். எழுத்தை மட்டும் கவனமாகப் பாருங்கள். வின்பாண்டில் எண்ணுக்குப் பின் எஃப்.வி. அல்லது ஜே.வி. என்றிருந்தால் 3.3 வோல்ட், எஃப்.டபிள்யூ. என்றால் 1.8 வோல்ட், அது வேண்டாம். உடலின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். 128 வருவது அகலமான 208 மில் (அங்குலத்தின் ஆயிரத்தில் 208 பங்கு) உடம்பில். போர்டில் உள்ள பேட் (கால் ஒட்டும் செப்புத் தடம்) ஒடுக்கமாக இருந்தால் கால் உட்காராது.

வாவியோரம் எழுதியது:

மிக்க நன்றி காக்கா. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. ஆர்ட் எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன், ஒவ்வொன்றும் 65,536 பைட்.

ஒரு சந்தேகம். சிப்பை வாசித்து எழுதும் சி.எச். 341 ஏ புரோகிராமரும், சிப்பின் கால்களைப் பிடிக்கும் கிளிப்பும் ஒரு நண்பனிடம் வாங்கினேன். போர்டில் இருந்தபடியே கிளிப் மாட்டி முழு சிப்பையும் வாசித்தால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பைலாக வருகிறது. சில நேரம் சிப்பையே காணவில்லை என்கிறது. கிளிப் பிழையா?

சாய்ந்தமருது_பட்டறை எழுதியது:

கிளிப்பும் காரணமாக இருக்கலாம், ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதையல்ல. கிளிப் வழியாகக் கொடுக்கும் 3.3 வோல்ட் சிப்போடு நிற்பதில்லை, போர்டின் புரோசசருக்கும் போகிறது. அதுவும் அரைகுறையாக எழும்பி அதே சிப்பை வாசிக்கத் தொடங்கிவிடும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் இழுத்தால் யாருக்கும் சரியாகக் கிடைக்காது. எப்படியும் கழற்றப் போகிறீர்கள்தானே? கழற்றிய பிறகு அடப்டரில் வைத்து வாசியுங்கள். இரண்டு தடவை வாசித்து, இரண்டு பைலும் ஒன்றுதானா என்று ஹாஷ் (பைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளம்) போட்டுப் பார்த்த பிறகே நம்புங்கள்.

அந்தக் கறுப்பு நிறப் புரோகிராமரில் இன்னொரு குறை. சிப்புக்குக் கொடுக்கும் கரண்ட் 3.3 என்றாலும் டேட்டா கால்களில் 5 வோல்ட் வரும். பெரும்பாலான சிப் தாங்கிக்கொள்கிறது என்பதற்காக அப்படியே விட நான் விரும்புவதில்லை. ஒரு காலைத் தூக்கி 3.3-க்கு மாற்றும் முறை படத்தோடு நிறைய இடத்தில் இருக்கிறது, செய்துவிடுங்கள்.

கழற்றும் முறை: போர்டில் உள்ளது ஈயமில்லாத சோல்டர், இலகுவில் உருகாது. முதலில் நாலு நாலு காலாக இரண்டு பக்கமும் சாதாரண ஈயச் சோல்டரைத் தாராளமாக ஊற்றி ஒரே கட்டியாக்குங்கள். பிறகு பிளக்ஸ் (சோல்டர் நன்றாக ஓட உதவும் பசை) வைத்து, அயர்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிக் காட்டினால் சிப் தானாக நழுவும். இழுக்காதீர்கள். பேட் பிய்ந்தால் பிளாஷ் மாற்றுவதை விட்டுவிட்டு வயர் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஹொட் எயாரை ரேமுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரைப் பக்கத்து வீடுகளில் கிடந்த போர்டு ஏதும் அதில் இருந்தால் கால்களைச் சுற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்து உப்புக்காற்று லேசுப்பட்டதல்ல. ஐசோபுரோபைல் அல்ககோலும் பழைய பல் துலக்கியும் போட்டுத் தேய்த்த பிறகே சோல்டர் ஒட்டும்.

வந்தாறுமூலை_லேப் எழுதியது:

சற்று விலகிய விசயம், ஆனால் தலைப்பைப் பார்த்து வருபவர்களுக்கு உதவும். சிஸ்கோவின் சீசீஎன்ஏ நெட்வொர்க் தேர்வுக்குப் படிக்கப் பழைய சிஸ்கோ 1841, 2811 வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சோல்டர் பாடு எதுவும் இல்லை. பிளாஷ் என்பது பின்னால் செருகும் கொம்பேக்ட் பிளாஷ் கார்ட்தான். புதிய கார்டைக் கணினியில் ஃபார்மட் பண்ணாமல் ரவுட்டருக்குள்ளேயே பண்ணுங்கள், பிறகு டி.எஃப்.டி.பி. (நெட்வொர்க் வழியாகப் பைல் அனுப்பும் எளிய முறை) வழியாக, சிஸ்கோ ரவுட்டரின் இயங்கு மென்பொருளான ஐ.ஓ.எஸ். இமேஜை ஏற்றுங்கள். இரண்டு மொடலுக்கும் கடைசித் தொடர் 15.1(4)எம். அதற்கும் பிளாஷோடு ரேம் போதுமா என்று பார்த்த பிறகே இறங்க வேண்டும்.

ஸ்டார்ட்டப் கொன்பிக் (தொடங்கும்போது படிக்கும் செட்டிங்) கரண்ட் போனாலும் அழியாத என்.வி. ரேமில் இருப்பதால் கார்டை மாற்றினாலும் அது போகாது. ஆனால் சுவிட்ச் மொடியூல் போட்டிருந்தால் வீலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிக்கும்) விவரம் பிளாஷில்தான் இருக்கும். மாணவர்கள் ஐ.ஓ.எஸ்.-ஐ மட்டும் கொப்பி பண்ணிவிட்டுப் பழைய கார்டை அழித்துவிடுகிறார்கள். அந்தச் சின்ன பைலையும் எடுத்து வையுங்கள்.

வாவியோரம் எழுதியது:

பிளாஷ் மாற்றிவிட்டேன், யு-பூட் மொட் எழும்புகிறது, வைஃபையும் இருக்கிறது. ரேமுக்கு அக்கரைப்பற்றில் ஒருவரிடம் பழைய லாப்டாப் மெமரி இருக்கிறதாம். ஒரே பக்கத்தில் மட்டும் நாலு சிப், 256 எம்பி என்கிறார். சரிவருமா?

சாய்ந்தமருது_பட்டறை எழுதியது:

நாலு சிப்பில் 256 என்றால் ஒவ்வொன்றும் 64 எம்பி. லாப்டாப் மெமரியின் பாதை 64 பிட். நாலு சிப் அதை நிரப்ப வேண்டுமென்றால் ஒவ்வொன்றும் 16 பிட்டாகத்தான் இருக்க முடியும். டி.டி.ஆர்.1 தானா என்று மட்டும் கேளுங்கள், டி.டி.ஆர்.2 என்றால் சிப்புக்கு வெளியே கால் தெரியாது. சரியாக இருந்தால் முழு மெமரியையும் வாங்குங்கள், உங்களிடம் இன்னும் போர்டு கிடக்கிறதுதானே.