ஆல்பர்ட் பார்க் பகுதியில் முன்தோட்டத்தை எடுத்துவிட்டு கார் நிறுத்தலாமா?

பூங்காத்தெரு:
இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே எங்கள் ஆபிங்டனில் இருப்பவர்கள் கருத்துச் சொல்லுங்கள். பூங்காவைச் சுற்றியுள்ள எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் முன்சுவரை இடித்து, வேலிச்செடியைப் பிடுங்கி, இரண்டு கார் நிற்க இடம் செய்யப் போகிறார். ஓரத்தில் நிற்கும் பீச் (beech) மரத்தை வெட்டவும் கவுன்சிலுக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. அந்தச் சுவர் இடுப்புயரம்கூட வராது. ஆனால் மேல்வரிசையில் மழைநீர் வழிந்தோட வளைவாகச் சுட்ட செங்கல், அதன்மேல் பாசி, பின்னால் அடர்ந்த பச்சை, அதற்கும் பின்னால் கூரான முகப்போடு விக்டோரியா காலத்து வீடு. இந்த வரிசை வீட்டுக்கு வீடு தொடர்வதால்தான் அது ஆல்பர்ட் பார்க். நடுவில் ஒன்று போனால் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிடும்.

நேர்க்கணக்கு:
ஐயா, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் வரலாற்றைப் பாதியில் தொடங்குகிறீர்கள். 1860-களுக்கு முன் அங்கே வீடும் இல்லை, பூங்காவும் இல்லை, திறந்தவெளிதான். 1553-ல் அரச சாசனம் பெற்ற கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் அறக்கட்டளை, தன் நிலத்தில் பூங்கா அமைத்து, சுற்றிலும் வசதியானவர்களுக்கு வீட்டுமனை போட்டது. அன்றைக்கு அதுவும் புது லேஅவுட்தான். அன்று கட்டலாம், இன்று ஒரு சுவரைத் தொடக்கூடாது என்றால் என்ன நியாயம்? எம்ஜி கார் தொழிற்சாலை 1980-ல் மூடும்வரை உழைத்தவர்கள் குடியிருந்த தெருக்களில் எத்தனையோ முன்தோட்டங்கள் கார் நிறுத்துமிடமாகிவிட்டன. அவற்றுக்காக இப்படி யாராவது கேட்டார்களா?

பூங்காத்தெரு:
கேட்டிருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே போனது தவறு என்றால் இங்கேயும் போகட்டும் என்பது எப்படிச் சரியாகும்? புது லேஅவுட் என்கிறீர்கள். எந்த லேஅவுட்டில் இன்று நல்ல நிலத்தை நடுவில் எடுத்துப் பூங்காவுக்கு விட்டுவிட்டு மீதியில் வீடு கட்டுகிறார்கள்? 1865-ல் அங்கே விக்டோரியா ராணியின் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. அதே ஆண்டுகளில் பார்க் ரோட்டில் புனித மைக்கேல் தேவாலயம், 1870-ல் ஆபிங்டன் பள்ளியும் பூங்காவுக்கு அருகே வந்தது. எல்லாம் ஒரே சிந்தனையில் உருவானவை. தனித்தனி வீடாகப் பார்த்தால் அதன் அருமை பிடிபடாது.

மாடிவீடு:
நான் அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டைப் பிரித்த ஃபிளாட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ஆக்ஸ்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட். விடிகாலையில் திரும்பும்போது காரை நிறுத்த இடம் தேடி இரண்டு தெரு சுற்ற வேண்டும். மழையில், தூக்கக் கலக்கத்தில் அப்படிச் சுற்றிப் பாருங்கள், பாசி படிந்த செங்கல் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அந்த மரத்தை வெட்டக்கூடாது என்றே சொல்வேன். கோடையில் என் அறை தாங்குகிற சூட்டில் இருப்பது அதனால்தான்.

நேர்க்கணக்கு:
இதைத்தான் சொல்ல வந்தேன் அக்கா. அழகைப் பேசுபவர்களுக்குச் சொந்த வீடு, இடம் தேடி அலைபவர்கள் வாடகைக்காரர்கள். மின்சாரக் கார் வாங்கினால் வீட்டு வாசலில் சார்ஜ் போட வழி வேண்டாமா?

மாடிவீடு:
தம்பி, அந்த வீட்டுக்காரர் தன் வாசலில் இடம் செய்தால் எனக்கு என்ன லாபம்? நடைபாதை ஓரக்கல்லை அவர் வாசலுக்காகத் தாழ்த்தினால், அதன்முன் தெருவில் யாரும் நிறுத்த முடியாது. எங்களுக்கு இருந்த ஓர் இடமும் போச்சு.

ஓக்கரை:
சட்டத்தையும் பார்ப்போம். இது கன்சர்வேஷன் ஏரியா, அதாவது பழைய தோற்றத்துக்காகப் பாதுகாக்கப்படும் பகுதி. தெருவை ஒட்டிய சுவர் 1 மீட்டருக்குக் குறைவென்றால் இடிக்கப் பொதுவாகத் திட்ட அனுமதி தேவையில்லை. ஆர்ட்டிகிள் 4 உத்தரவு, அதாவது இப்படிப்பட்ட வேலைக்கும் அனுமதி கேட்க வைக்கும் கவுன்சில் உத்தரவு, இருந்தால் மட்டும் கதை வேறு. இதைக் கவுன்சிலில் முதலில் விசாரியுங்கள். தளம் 5 சதுர மீட்டரைத் தாண்டி, தண்ணீர் உறிஞ்சாத பொருளாகவும் இருந்து, வழியும் நீரைத் தன் மண்ணுக்குள்ளேயே விடவில்லை என்றால் 2008 முதல் அனுமதி வேண்டும். இது வெறும் காகித விதி இல்லை. 2007 ஜூலையில் ஓக் ஆறு பெருகி ஊருக்குள் வந்தது நினைவிருக்கும். ஓரக்கல் தாழ்த்துவது சாலைகளைக் கவனிக்கும் கவுண்டி கவுன்சில் கையில்.

மரம்தான் அவசரம். 1.5 மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் வெட்டுவதற்கு 6 வாரம் முன்பே நோட்டீஸ் தரவேண்டும். அதற்குள் கவுன்சில் மரப் பாதுகாப்பு ஆணை போடலாம், இல்லையேல் விட்டுவிடலாம். பாதி வெட்டு, நிபந்தனையோடு வெட்டு என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. ஆணை போடாமல் கெடு முடிந்தால் அவர் தாராளமாக வெட்டலாம்.

நேர்க்கணக்கு:
மரத்துக்கு நானும் எதிரி இல்லை. சுவர் விஷயத்தில் மாறமாட்டேன். அவர் வீடு, அவர் வாசல்.

பூங்காத்தெரு:
வாசல் அவருடையது, தெரு எல்லோருக்கும் உரியது. சரி, மரத்துக்காகவாவது சேர்ந்து எழுதலாமா? கடிதத்தில் என்ன இருக்க வேண்டும்?

ஓக்கரை:
பொது இடத்திலிருந்து மரம் எங்கெங்கே தெரிகிறது, தெருவுக்கு அது என்ன தருகிறது என்பதை எழுதுங்கள். உங்கள் ஜன்னல் காட்சி, அவர் மேலுள்ள கோபம், இரண்டும் வேண்டாம். நடைபாதையில் நின்று நாலு புகைப்படம் எடுத்து இணையுங்கள்.

மாடிவீடு:
நாளை ஷிப்ட் முடிந்து வரும்போது நான் எடுத்து அனுப்புகிறேன். நோட்டீஸ் பதிவான தேதி யாருக்காவது தெரியுமா?