ஷவரில் ஆறு நொடி வெந்நீர், ஆறு நொடி பச்சைத் தண்ணீர்: சென்சார் வைத்து அழுத்தத்தைப் பிடிக்க முடியுமா?

வேளிமலைக்காரன் எழுதியது:

வீடு தக்கலையிலிருந்து குமாரகோவில் போகும் வழியில் இருக்கிறது. விடுமுறை முடிந்து கத்தார் திரும்ப இன்னும் பதினெட்டு நாள்தான். அதற்குள் இந்தக் குளியலறையை ஒரு வழி செய்துவிட வேண்டும்.

மொட்டைமாடியில் மூன்றடி செங்கல் மேடைமேல் 1000 லிட்டர் தொட்டி இருக்கிறது. மாடிக் குளியலறைக்கும் அதற்கும் உயர வித்தியாசம் அதிகம் இல்லை. ஷவரைத் திறந்தால் தண்ணீர் அழுதுகொண்டு வரும். போன விடுமுறையில் அரை எச்.பி. பிரஷர் பம்பும், கூடவே சிவப்பு நிறத்தில் 24 லிட்டர் அழுத்தத் தொட்டியும் வைத்தேன். இந்த முறை ஆசைப்பட்டு எட்டு இஞ்ச் அகல ஷவரும் மாட்டினேன். வெந்நீருக்குச் சூரிய ஹீட்டர் மாடியில் நான்கு வருடமாக இருக்கிறது.

இப்போது என்ன ஆகிறது என்றால், இரண்டு குமிழையும் திருகிப் பதமாகச் சூடு வைத்து நின்றால், ஆறு நொடி இதமாக வருகிறது. பிறகு ஆறு நொடி ஐஸ் மாதிரி. மறுபடி சூடு. கீழே பம்ப் ‘டக்’, ‘டக்’ என்று நின்று நின்று ஓடுகிறது. தலையில் சோப்போடு நிற்கும் மனைவி என்ன சொல்கிறார் என்பதை இங்கே எழுத முடியாது. அம்மாவோ குளிமுறிக்குள் பேய் புகுந்துவிட்டது என்று சொல்லி, கிணற்றடிக்கே போய்விட்டார்.

பம்ப் குழாயில் ஒரு அழுத்த சென்சார் போட்டு (அழுத்தத்தின் அலகான பார் கணக்கில் 12 வரை அளப்பது, 0.5 முதல் 4.5 வோல்ட் தருவது) இ.எஸ்.பி.32 என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் இணைத்து, ஹோம் அசிஸ்டென்ட் என்ற வீட்டுக் கருவிகளுக்கான மென்பொருளில் வரைபடம் பார்த்தேன். அச்சு அசல் ரம்பப் பல். 1.1 பாரில் பம்ப் ஓடுகிறது, 1.9 இல் நிற்கிறது, உடனே விழுகிறது.

என் திட்டம் இது. பம்பில் இருக்கும் பிரஷர் சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, இ.எஸ்.பி.32 ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகப் பம்பை இயக்கி அழுத்தத்தை 1.5 பாரிலேயே பிடித்து வைக்க வேண்டும். அப்படி யாராவது செய்திருந்தால் நிரலைத் தந்து உதவுங்கள். வேறு குறை ஒன்றும் வீட்டில் இல்லை. மழை பெய்யாத நாளிலும் சூரிய ஹீட்டர் பக்கம் தளத்தில் ஈரம் நிற்கிறது. அது தனிக் கதை, கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.

நாஞ்சில் மின்கம்பி எழுதியது:

தம்பி, நிரல் தரமாட்டேன். தந்தால் நாளை ரிலே கருகியதற்கும் நான்தான் பொறுப்பாவேன்.

ரிலேக்கு இரண்டே நிலைதான்: ஓடு, நில். பிரஷர் சுவிட்ச் செய்கிற அதே வேலையை இ.எஸ்.பி.32 செய்யும், அவ்வளவே. ரம்பப் பல்லின் உயரத்தை 1.1–1.9 என்பதிலிருந்து 1.4–1.6 என்று சுருக்கினால், பல் சிறிதாகும், எண்ணிக்கை கூடும். மோட்டார் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓட்டத்தில் எடுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு மின்சாரம் இழுக்கும். 10 ஆம்பியர் என்று அச்சிட்ட அந்த நீல ரிலேயின் முனைகள் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பம்ப் நிற்கவே நிற்காது; நீங்கள் கத்தாரில் இருப்பீர்கள்.

அழுத்தத்தை உண்மையாகவே ஒரே அளவில் பிடிக்க வேண்டுமென்றால் மோட்டாரின் வேகத்தை மாற்ற வேண்டும். உங்களுடையது கெப்பாசிட்டர் வைத்த ஒருமுனை மோட்டார், மோட்டார் வேகத்தை மாற்றும் சாதாரண வி.எஃப்.டி. கருவி அதற்கு ஒத்துவராது, அது மும்முனை மோட்டாருக்கானது. வேகக் கட்டுப்பாடு உள்ளேயே இருக்கும் பம்ப் தனியாகக் கிடைக்கிறது, விலை கூடுதல்.

சென்சார் பற்றி ஒரு வார்த்தை. 4.5 வோல்ட்டை நேராக இ.எஸ்.பி.32 காலில் கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள், 3.3 தான் அதன் எல்லை. 10 கிலோ ஓமும் 20 கிலோ ஓமும் போட்டுப் பிரித்தால் 4.5 என்பது 3 ஆகிவிடும். அடுத்த முறை 5 பார் சென்சார் வாங்குங்கள். 12 பார் சென்சாரில் ஒன்றரை சதவீதம் பிழை இருந்தாலே 0.18 பார் ஆகிவிடும். உங்கள் மாடித் தொட்டி தருகிற அழுத்தமே ஏறக்குறைய அவ்வளவுதான்!

ஆற்றூர் குழாய்க்காரர் எழுதியது:

முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். இந்த இ.எஸ்.பி. எல்லாம் என் பேரனுக்குத்தான் தெரியும். ஆனால் தம்பி, கடைசி வரியில் ‘தனிக் கதை’ என்று தள்ளிவிட்டீர்களே, அந்த ஈரம்தான் முதல் கதை. கொத்தனாரை வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.

பம்பை எந்தக் குழாயில் வைத்தீர்கள்? பச்சைத் தண்ணீர்க் குழாயில் மட்டும் என்று நினைக்கிறேன். வெந்நீர் சூரிய ஹீட்டரிலிருந்து தானாக இறங்கி வருகிறது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் என்று கணக்கு. உங்கள் மாடியில் ஆறடி இருந்தால் 0.2 கூடத் தேறாது. அந்தப் பக்கம் 0.2, இந்தப் பக்கம் 1.9. இரண்டும் ஷவரின் மிக்ஸர் குழாய்க்குள் சந்தித்தால் யார் ஜெயிப்பது? பம்ப் நின்று அழுத்தம் இறங்கும்போது வெந்நீர் எட்டிப் பார்க்கிறது. பம்ப் ஓடியதும் பச்சைத் தண்ணீர் அதை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிடுகிறது. உங்கள் ஆறு நொடி இதுதான்.

அதோடு நிற்கவில்லை. கைஷவர் இருக்கிறதா? யாராவது இரண்டு குமிழையும் திறந்தபடியே விட்டு, கைஷவரின் பொத்தானை மட்டும் மூடிவிட்டுப் போனால், பம்பின் தண்ணீர் வெந்நீர்க் குழாய் வழியாக மேலே ஏறி ஹீட்டருக்குள் போகும். ஹீட்டருக்குத் தண்ணீர் வரும் குழாயில் என்.ஆர்.வி. (தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் வால்வு) இருந்தால் மாடித் தொட்டிக்கும் திரும்ப முடியாது. ஹீட்டரின் மேலே திறந்திருக்கும் காற்றுக் குழாய் வழியாகத் தளத்தில் கொட்டும். இன்று இரவு இப்படியே செய்துவிட்டு மாடியில் போய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன்: வழிகிறதே என்று காற்றுக் குழாயை அடைத்துவிடாதீர்கள். அந்த வகை ஹீட்டரின் உள்தொட்டி அழுத்தம் தாங்காது, பிளந்துவிடும்.

அந்தச் சிவப்புத் தொட்டிக்குக் காற்று பார்த்தீர்களா? பம்பை அணைத்து, குழாயைத் திறந்து தண்ணீரை முழுக்க வடித்துவிட்டு, தொட்டியின் பின்னால் இருக்கும் வால்வில் பைக் டயருக்குக் காற்று பார்க்கிற கருவியை வையுங்கள். பம்ப் கிளம்பும் அழுத்தத்தைவிட 0.2 பார் குறைவாக இருக்க வேண்டும், உங்களுக்கு 0.9, டயர்க் கணக்கில் 13. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீர் பீய்ச்சினால் உள்ளே ரப்பர் பை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டியதுதான். பை நன்றாக இருந்து காற்றும் சரியாக இருந்தால், 24 லிட்டர் தொட்டி கிட்டத்தட்ட ஆறு லிட்டர் தண்ணீரைப் பம்ப் ஓடாமலே தரும். ஆறு நொடியில் பம்ப் மறுபடி ஓடுகிறது என்றால் அந்தத் தொட்டி இப்போது வெறும் பொம்மை.

இரணியல் வாத்தியார் எழுதியது:

குழாய்க்காரர் அண்ணாச்சி சொன்னதை நான் காசு கொடுத்துக் கற்றேன். வெந்நீர்க் குழாயில் என்.ஆர்.வி. மட்டும் மாட்டிப் பார்த்தேன். மாடியில் கொட்டுவது நின்றது. வெந்நீரும் அடியோடு நின்றது. அந்த வழியில் போகாதீர்கள்.

இன்னொன்று, நீர் ஓட்டத்தை அளக்கும் சென்சார் வாங்கும் எண்ணம் இருந்தால் கிணற்றுத் தண்ணீரை முதலில் பாருங்கள். எங்கள் வீட்டுக் கிணற்றில் இரும்புக் கறை உண்டு. சென்சாரின் சக்கரத்தில் காந்தம் இருக்கிறதே, அது துருவையெல்லாம் வாரிச் சேர்த்துக்கொண்டு மூன்றாம் மாதம் சுற்றுவதை நிறுத்திவிட்டது.

வேளிமலைக்காரன் எழுதியது (ஐந்து நாள் கழித்து):

அண்ணாச்சி, இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு மாடியில் நின்றேன். மகன் கீழே கைஷவரை மூடினான். ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு காற்றுக் குழாய் கொக்கு மாதிரி கழுத்தை வளைத்துக் கொட்டியது பாருங்கள்! பக்கத்து வீட்டு நாய் குரைத்து ஊரைக் கூட்டிவிட்டது. நான்கு மாதமாக எங்கள் கிணற்றுத் தண்ணீரை மின்சாரம் செலவழித்துத் தளத்தில் ஊற்றியிருக்கிறோம்.

சிவப்புத் தொட்டியில் காற்று சுழியம். நல்லவேளை, பை கிழியவில்லை. மகனின் சைக்கிள் பம்பால் 13 வரை அடித்தேன், கை விட்டுப்போயிற்று. இப்போது ஷவர் ஓடும்போது பம்ப் ஒவ்வொரு முறையும் முக்கால் நிமிடத்துக்கு மேல் ஓய்வெடுக்கிறது. ரம்பப் பல் போய், வரைபடம் கடற்கரை அலைபோல மெதுவாக ஏறி இறங்குகிறது.

சூடு பிரச்சினை அதனால் தீரவில்லை, அண்ணாச்சி சொன்னபடியே. ஆறு நொடி என்பது முக்கால் நிமிடமாக நீண்டது, அவ்வளவுதான்! இரண்டு வழி தெரிந்தது. ஒன்று, மாடிக் குளியலறையின் பச்சைத் தண்ணீரையும் பம்பிலிருந்து பிரித்து நேராக மாடித் தொட்டியில் இணைப்பது. அழுத்தம் இரண்டு பக்கமும் சமம், ஆனால் மறுபடி அழுகைத் தண்ணீர். இரண்டு, வெந்நீர்க் குழாயிலும் ஒரு பம்ப். இரண்டாவதைத்தான் செய்தேன். நாகர்கோவிலில் மூன்று கடை ஏறி இறங்கி, வெந்நீருக்கு என்று குறிப்பிட்ட சிறிய பம்பாகப் பார்த்து வாங்கினேன். வெயில் நாளில் எங்கள் ஹீட்டரில் 60 டிகிரிக்கு மேல் போகிறது, சாதாரண பம்பின் ரப்பர் தாங்காது என்று கடைக்காரரே சொன்னார். அந்தக் குழாயில் என்.ஆர்.வி.யும் உண்டு. இப்போது பம்ப் பின்னாலிருந்து தள்ளுவதால் வெந்நீர் நிற்கவில்லை.

மின்கம்பி அண்ணன் கோபப்பட வேண்டாம். பிரஷர் சுவிட்சைக் கழற்றவில்லை. பம்பை ஓட்டுவது அதுதான். இ.எஸ்.பி.32 வேடிக்கை பார்க்கிறது. 5 பார் சென்சார் ஒவ்வொரு குழாயிலும் ஒன்று. இரண்டுக்கும் இடையே 0.3 பாருக்கு மேல் வித்தியாசம் ஐந்து நிமிடம் நீடித்தால் எனக்குச் செய்தி வரும். எந்தப் பம்பாவது இருபது நிமிடம் நிற்காமல் ஓடினால் கான்டாக்டர் (மோட்டாரைத் தாங்கும் பெரிய ரிலே) வழியாக வெட்டிவிடும்.

நாஞ்சில் மின்கம்பி எழுதியது:

இது சரி. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா? மாடிக்குப் போகும் சென்சார் கம்பியை இடி மின்னல் மாதத்துக்கு முன் எர்த் செய்த இரும்புக் குழாய்க்குள் விடுங்கள். போன ஐப்பசியில் எனக்கு இரண்டு பலகை போயிற்று.

வேளிமலைக்காரன் எழுதியது:

ஆர்.சி.சி.பி. இருக்கிறது. கம்பி வேலையை நாளை முடித்துவிடுவேன். இரண்டு பம்புக்கும் சேர்த்து ஒரே சுவிட்ச், அடுக்களைக் கதவுக்குப் பின்னால், சிவப்பு பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன். நான் போன பிறகு ஏதாவது சத்தம் கேட்டால் அதை அணைத்துவிடுங்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். “அணைத்துவிட்டால் கிணற்றில் தண்ணீர் இருக்கும்தானே?” என்று கேட்டார்.