கலைச்சொல்: முறிமருந்து கொடுத்ததும் தலைதூக்கும் இன்னொரு நஞ்சு

> 'முறிமருந்தின் பக்கவிளைவு' என்றே எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

ஐயா, நம் மருத்துவக் கலைச்சொல் பட்டியலில் பக்கவிளைவு என்று போட்டால் பழி முறிமருந்தின் மேல் விழுகிறது. நடப்பது அதுவல்ல. ஒருவர் டயஸெபாம் என்ற அமைதியூட்டும் மருந்தையும் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தையும் சேர்த்து அளவுமீறி விழுங்கியிருக்கிறார். அமிட்ரிப்டிலின் மூளையை வலிப்பின் பக்கம் தள்ளுகிறது, டயஸெபாம் அதை அமுக்கி வைத்திருக்கிறது. வெளியே தெரிவது ஆழ்ந்த உறக்கம் மட்டுமே. டயஸெபாமின் முறிமருந்தான ஃப்ளூமசெனில் 0.2 மி.கி. சிரைவழி ஏறியதும் டயஸெபாம், மூளையில் தான் ஒட்டும் இடமான ஏற்பியிலிருந்து விலகுகிறது. ஆள் கண் விழிக்கலாம், உடனே வலிப்பும் வரலாம். அப்போது வலிப்பை அடக்க, டயஸெபாமின் இனத்தைச் சேர்ந்த லோரஸெபாமை வழக்கமான அளவில் போட்டால் சரியாகப் பிடிக்காது. அது உட்கார வேண்டிய இடத்தில் ஃப்ளூமசெனில் உட்கார்ந்திருக்கிறதே! அளவைக் கூட்ட வேண்டும், அல்லது வேறு இடத்தில் உட்காரும் ஃபீனோபார்பிட்டால், புரோபோஃபால் என்று போக வேண்டும்.

நஞ்சு முன்பே உடலில் இருந்தது, கட்டியிருந்த கயிறுதான் அவிழ்ந்தது. ஆகவே 'கட்டவிழ் நஞ்சு' என்று முன்மொழிகிறேன். 'திரைவிலகல்' என்றும் யோசித்தேன். திரை விலகினால் இருப்பது தெரியவரும், அவ்வளவுதான். இங்கே அடங்கிக் கிடந்தது பாயத் தொடங்குகிறது. கட்டவிழ் வலிப்பு, கட்டவிழ் துடிப்புக்கேடு (இதயத் துடிப்பு தாறுமாறாவது) என்று கிளைச்சொற்களும் எளிதாகக் கிடைக்கும்.

விளக்கக் குறிப்பில் இதையும் சேர்க்க வேண்டும்: இசிஜியில் கியூஆர்எஸ் (இதயக் கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் அலை) 100 மில்லிவினாடிக்கு மேல் அகன்றிருந்தால், அது அமிட்ரிப்டிலின் போன்றவற்றின் நச்சுக்கு அறிகுறி என்பதால், ஃப்ளூமசெனிலைத் தொடக்கூடாது. அகலாமல் இருப்பதாலேயே பயமில்லை என்றும் ஆகிவிடாது. என்ன விழுங்கினார் என்று தெரியாதவருக்கு மூச்சுக்குழாயைக் காத்து, மூச்சுக்குத் துணைகொடுத்துக் காத்திருப்பதே மேல்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளுக்கு முறிமருந்தான நலோக்சோனை இதே தட்டில் வைக்க வேண்டாம். ஹெராயினோடு கோகெய்னும் ஏறியிருந்தால் கோகெய்னின் நச்சு கட்டவிழ்வது உண்டுதான். ஆனால் மூச்சு நின்றவருக்கு அதைத் தராமல் விடுவது அதைவிடக் கொடிது. மருத்துவமனையில் என்றால் முதலில் பையும் முகமூடியும் வைத்து மூச்சுக் கொடுத்துக்கொண்டே, 0.04 மி.கி. தொடங்கிப் படிப்படியாக ஏற்றலாம். மூச்சு சீரானால் போதும், எழுந்து உட்கார வேண்டியதில்லை. இந்தச் சொல்லைக் கேட்டு யாரும் நலோக்சோனுக்கு அஞ்சிவிடக் கூடாது என்பதே என் கவலை.

---

அம்மா, 'கட்டவிழ்' பொருத்தம். இரண்டு திருத்தங்கள். நஞ்சு என்பது பொருள், நாம் பெயரிடுவது நிலைக்கு. ஆகவே 'கட்டவிழ் நச்சுமை'. எழுதும்போது 'கட்டவிழ்த்த' என்று ஒற்றுச் சேர்த்துவிட்டால் யாரோ வேண்டுமென்றே ஏவிவிட்டது போலாகிவிடும். அதையும் குறிப்பில் சொல்லிவிடுவோம்.

இதற்குப் பக்கத்துச் சொல்லான 'மீள்மயக்கம்' பட்டியலில் இருப்பது எனக்கு அச்சமாக இருக்கிறது. ஃப்ளூமசெனிலின் அரைவாழ்வு (உடலில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம்) ஏறத்தாழ 1 மணி நேரம்தான், டயஸெபாமுக்கோ ஒரு நாளையும் தாண்டும். தெளிந்தவர் மறுபடி மயங்குவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ஆனால் தமிழில் 'மயக்கத்திலிருந்து மீண்டார்' என்றால் தெளிந்துவிட்டார் என்று பொருள். தாளில் '2 மணி: மீள்மயக்கம்' என்று இருப்பதைப் பார்க்கும் செவிலியர், நோயாளி தேறிவிட்டார் என்று படித்து அடுத்த படுக்கைக்குப் போய்விட இடமுண்டு. 'மறுமயக்கம்' என்றால் அந்த இரட்டுறல் இல்லை. நெடுநேரம் வேலை செய்யும் ஓபியாய்டான மெத்தடோனுக்கு நலோக்சோன் கொடுத்தபின் வருவதற்கும் இதே சொல் பொருந்தும். அங்கே மயக்கத்தோடு மூச்சும் மறுபடி தளரும் என்பதை விளக்கத்தில் தனி வரியாகவே போட வேண்டும்.