இரட்டை இஞ்சின் படகில் வேகம் கூட்டிய அனுபவம்: உங்களுடையதையும் சொல்லுங்கள்

கண்டனூர்க்காரன்:

பொங்கலுக்கு ஊருக்கு வந்த இடத்தில் மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்கப் போயிருந்தேன். நடுமாடு (நடுத்தர மாடுகளின் பிரிவு) ஓடும்போது பக்கத்தில் நின்ற பெரியவர், "ரெண்டும் நல்ல மாடுதான், ஆனா எடத்து மாடு, எடதுபக்க மாடு, வெளியே இழுக்குது, அதான் வண்டி பின்னாடி நிக்குது" என்றார். கேட்டதும் துபாயில் நான் மூன்று வாரம் மல்லுக்கட்டிய ஒரு படகு ஞாபகத்துக்கு வந்தது.

28 அடி ஃபைபர் படகு, அமரத்தில், அதாவது பின்முனையில், 250 குதிரைத்திறன் அவுட்போர்டு (படகுக்கு வெளியே மாட்டும் இஞ்சின்) இரண்டு. வாங்கிய புதிதில் மணிக்கு 60 மைலை ஒட்டி ஓடியது என்றார் உரிமையாளர். என்னிடம் வந்தபோது ஜி.பி.எஸ்.ஸில் 51. இஞ்சின் கம்ப்யூட்டரை மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கடையில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பணம் கட்டும் முன் எனக்கு மூன்று வாரம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினேன்.

முதலில் ஒரு கணக்கு. ஆர்.பி.எம்.மை, அதாவது இஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றை, ப்ரொப்பெல்லரின் பிட்சால் பெருக்குங்கள். பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னேற வேண்டும் என்ற அளவு. வந்ததைக் கியர் விகிதத்தாலும் (ப்ரொப்பெல்லர் ஒரு தடவை சுற்ற இஞ்சின் சுற்றும் சுற்று) 1056 ஆலும் (அங்குலத்தை மைலாக்கும் எண்) வகுங்கள். தண்ணீர் துளிகூட வழுக்காமல் இருந்தால் படகு போக வேண்டிய வேகம், மைலில் வந்துவிடும். எங்கள் படகு முழு த்ராட்டிலில் (இஞ்சினின் காற்று வால்வை முழுக்கத் திறந்து) 5500 சுற்று, பிட்ச் 21, கியர் 1.75. கணக்குப்படி 62.5 மைல் வர வேண்டும், வந்ததோ 51. அதாவது 18 சதவீதத்துக்கு மேல் வழுக்கல். இந்த இஞ்சின் முழு த்ராட்டிலில் 5800 முதல் 6400 வரை சுற்ற வேண்டியது. அதையும் எட்டவில்லை. சுற்றும் குறைவு, வழுக்கலும் அதிகம் என்றால் இஞ்சினைத் தொடுவதற்கு முன் படகைப் பார்க்க வேண்டும்.

தூக்கிப் பார்த்தால் அடிப்பாகம் முழுக்கப் பாசி, அங்கங்கே கொட்டலசு (படகில் ஒட்டி வளரும் ஓட்டு உயிர்). நம் வீட்டு முட்டைச் சுண்ணாம்புச் சுவரைத் தடவிப் பார்த்திருப்பீர்கள். படகின் அடிப்பாகம் அப்படி வழவழவென்று இருக்க வேண்டும், அதிலும் அமரத்தை ஒட்டிய கடைசி ஐந்தடி. வேகம் பிடித்த பிறகு தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருப்பது அந்தப் பகுதிதான். கொத்தனார் மட்டப்பலகை வைப்பதுபோல ஒரு நீளச் சட்டத்தை அங்கே வைத்துப் பார்த்தேன். குழிவு இல்லை, நல்லவேளை. குழிவு இருந்தால் அது அணியத்தை, அதாவது முன்முனையை, கீழே அழுத்திவிடும், பிறகு ட்ரிம் (இஞ்சினின் சாய்வு) எவ்வளவு ஏற்றினாலும் போதாது.

அப்புறம் எடை. 600 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 440 கிலோ, ஆறேழு ஆளின் பாரம். டாங்கை எப்போதும் நிரப்பியே வைத்திருந்தார்கள். கூடவே இரண்டு நங்கூரம், யாரும் தொடாத பழைய சாமான்கள், அடியில் தேங்கிய தண்ணீர். எல்லாவற்றையும் எடுத்து, பெட்ரோலைக் கால் டாங்காகக் குறைத்து ஓட்டினோம். 5750 சுற்று, 55 மைல். செலவு கூலி மட்டும்தான்.

மூன்றாவதுதான் பெரியவர் சொன்ன எடத்து மாடு. இரண்டு இஞ்சினையும் இணைக்கும் தண்டைச் சரியாக வைக்காததால் அவை ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. பின்பக்கம் முக்கால் அங்குலம் விரிந்திருந்தது. கண்ணால் பார்த்தால் தெரியாது, டேப் வைத்து முன்னும் பின்னும் அளந்தால்தான் தெரியும். இப்படி இருந்தால் ஒவ்வொரு இஞ்சினும் தன் சக்தியில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் தண்ணீரைத் தள்ளவே தின்றுவிடும். நேராக்கினேன். கூடவே இரண்டையும் அமரத்தில் மாட்டும் போல்ட் துளைகளில் இரண்டு துளை, அதாவது ஒன்றரை அங்குலம், மேலே ஏற்றி மாட்டினேன். இஞ்சினின் அடியில் ப்ரொப்பெல்லரைத் தாங்கும் கியர் பெட்டி தண்ணீருக்குள் எவ்வளவு குறைவாக இறங்குகிறதோ அவ்வளவு இழுவை குறையும். இதற்குப் பிறகு 5950 சுற்று, 59 மைல், வழுக்கல் 13 சதவீதத்துக்குள்.

உரிமையாளருக்கு இன்னும் ஆசை. 23 பிட்ச் போடச் சொன்னார், போட்டோம். சுற்று 5500க்கு விழுந்தது, வேகமும் அரை மைல் குறைந்தது. பழைய 21ஐயே திரும்ப மாட்டினேன். இஞ்சின் தன் சுற்றை எட்டாமல் முக்கிக்கொண்டே ஓடினால் அதன் ஆயுளும் போகும்.

ஒவ்வொரு சோதனையையும் போக ஒரு தடவை, வர ஒரு தடவை ஓட்டிச் சராசரி எடுங்கள். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றும். எல்லாச் சோதனையையும் நாளின் ஒரே வேளையில், ஒரே எடையில் ஓட்டுங்கள். சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு என்பதால் ஜூலை மதிய வேகத்தையும் ஜனவரி காலை வேகத்தையும் ஒப்பிட முடியாது. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இஞ்சினை நேராக்கியதையும் ஏற்றியதையும் நான் ஒரே நாளில் செய்துவிட்டேன். எது எத்தனை மைல் கொடுத்தது என்று இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை, அந்த வருத்தம் எனக்கு உண்டு.

பள்ளத்தூர், இப்போது பினாங்கு:

அண்ணே, இதே மாதிரி ஒன்று. எங்கள் படகில் வலது இஞ்சின் எப்போதும் 300 சுற்று குறைவு. இரண்டு வருடம் அதை நோஞ்சான் என்றே நினைத்திருந்தோம். ப்ளக் மாற்றினோம், இஞ்செக்டர் சுத்தம் செய்தோம். கடைசியில் ஒருவர் இஞ்சினை அணைத்து வைத்து, லீவரை முழுக்க முன்னே தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து பார்த்தார். த்ராட்டில் முழுதாகத் திறக்கவேயில்லை, கேபிள் தளர்ந்திருந்தது. பத்து நிமிட வேலை. யார் கேட்டாலும் முதலில் இதைப் பாருங்கள் என்றுதான் இப்போது சொல்கிறேன்.

தேவகோட்டை ரோடு:

ப்ரொப்பெல்லர்மேல் 21 என்று அடித்திருப்பதை அப்படியே நம்பாதீர்கள். எங்களுடைய இரண்டையும் அளந்து பார்த்தபோது ஒன்றில் ஒரு இதழ் லேசாக வளைந்திருந்தது. எப்போதோ மணலில் உரசியிருக்க வேண்டும். நேராக்கியதும் இரண்டு இஞ்சினும் ஒரே சுற்றுக்கு வந்தன, அதிர்வும் நின்றது.

தொண்டி கடற்கரை:

கண்டனூர் அண்ணன் சொன்னதில் ஒன்றை நானும் செய்து மாட்டிக்கொண்டேன். எங்கள் பக்கம் கடல் ஆழமில்லை, கடல்புல் வேறு. அதற்காகவும் வேகத்துக்காகவும் இரண்டு இஞ்சினையும் மூன்று துளை ஏற்றினேன். நேரே போகும்போது நன்றாக இருந்தது. திரும்பும்போது ப்ரொப்பெல்லர் காற்றைப் பிடித்து இஞ்சின் அலறியது. கரைக்கு வருவதற்குள் சூடு எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. எவ்வளவு இறக்க வேண்டும்?

கண்டனூர்க்காரன்:

தம்பி, முதலில் ஒரு துளை மட்டும் இறக்குங்கள். இரண்டு இஞ்சினுக்கும் தனித்தனியாகத் தண்ணீர் அழுத்தமானி மாட்டுங்கள், அது இல்லாமல் ஏற்றவே கூடாது. குளிர்விக்கும் தண்ணீரை உறிஞ்சும் துளைகள் கியர் பெட்டியில் இருக்கின்றன. அவை மேலே வந்துவிட்டால் இஞ்சின் காற்றைத்தான் குடிக்கும். முழு வேகத்தில் அழுத்தம் இறங்கினால் இன்னொரு துளை இறக்குங்கள். மணி அடித்த இஞ்சினின் தண்ணீர்ப் பம்பைத் திறந்து, ரப்பர் இதழ்கள் கருகியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு அப்புறம் கடலுக்குப் போங்கள். சோதனை ஓட்டத்தில் கில் ஸ்விட்ச் கயிறு (நீங்கள் விழுந்தால் இஞ்சினை அணைத்துவிடும் கயிறு) உங்கள் உடம்பில் மாட்டியே இருக்கட்டும். எத்தனை துளையில் நின்றது என்று இங்கே எழுதுங்கள், உங்கள் படகின் அளவோடு சேர்த்து.