வயலே இல்லாத ஊரில் நெல் ஆராய்ச்சி எதற்கு?

ஈசூன்வாசி:
தொடக்கக் கல்லூரியை முடித்த என் மகள், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கும் தெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வுக்கூடத்தில் நெல் ஆராய்ச்சி நடப்பதை அறிந்த நாள் முதல் அத்துறையிலேயே கண்ணாக இருக்கிறாள். கீரை, முட்டை, மீன் பற்றிய ஆய்வென்றால் லிம் சூ காங் பண்ணைகளுக்காவது உதவும். நிலப்பரப்பில் ஒரு விழுக்காட்டைக்கூட விவசாயத்துக்கு ஒதுக்க இயலாத நாட்டில் நெல்லை ஆராய்ந்து யாருக்குப் பயன்? விவரமறிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்மணி:
பயன் நமக்குத்தான், ஐயா. 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசியின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தபோது, அதற்கு முந்தைய ஆண்டு நம் அரிசி இறக்குமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு அங்கிருந்தே வந்திருந்ததால், சிங்கப்பூர் விலக்குக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது. வயல் எங்கிருந்தாலும் விளைச்சல் பொய்த்தால் நம் உலையில்தான் கை வைக்கும்.

விதையை மேம்படுத்த வயல் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. ஒடிசாவின் பழைய நெல் இரகம் ஒன்றிலிருந்து கண்டறியப்பட்ட சப்1ஏ மரபணுவைப் பாருங்கள். சாதாரணப் பயிர் வெள்ளத்தில் மூழ்கினால் தலையை வெளியே நீட்டும் அவசரத்தில் இலைகளை வளர்த்துச் சேமிப்பையெல்லாம் தீர்த்துவிட்டு மடிகிறது. இந்த மரபணு உள்ள பயிரோ வளர்ச்சியை நிறுத்தி, மாவுச்சத்தைக் காத்துக்கொண்டு இரண்டு வாரம் வரை தாக்குப்பிடிக்கிறது. வெள்ளத்தையும் இலைக்கருகல், குலைநோய் ஆகியவற்றையும் தாங்கும் குணங்களை ஒன்றுசேர்த்தே இங்கே 'தெமாசெக் அரிசி' உருவாக்கப்பட்டது.

மண்வாசம்:
விதையோடு நின்றுவிடாமல் மண்ணையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். நீர் தேங்கிய வயலில் காற்றில்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் புவியைச் சூடாக்கும் மெத்தேன் வாயுவை வெளிவிடுகின்றன. மனிதச் செயல்களால் வெளியாகும் மெத்தேனில் சுமார் பத்தில் ஒரு பங்கு நெல்வயல்களுடையது. இதற்குப் பரிந்துரைக்கப்படுவது தமிழ்நாட்டில் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' எனப்படும் முறை. துளையிட்ட குழாயை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. வரை இறங்கிய பிறகே மறுபடி நீர் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடக் கூடாது. மெத்தேன் 30 முதல் 50 விழுக்காடு வரை குறையக்கூடும். ஆனால் காய்ந்து நனையும் மண்ணிலிருந்து புவியைச் சூடாக்கும் இன்னொரு வாயுவான நைட்ரஸ் ஆக்சைடு கூடுதலாக வெளியேறலாம் என்பதால், தழைச்சத்தை (நைட்ரஜன் உரத்தை) எப்போது, எவ்வளவு இடுவது என்பதும் ஆராய்ச்சிக்குரியது.

கடைமடைக்காரன்:
குழாய் நல்ல யோசனைதான். எங்கள் நாகப்பட்டினப் பகுதியில் முறை வைத்து விடும் ஆற்றுநீர் எப்போது வரும் என்று தெரியாதபோது, வந்த நீரை யார்தான் வடியவிடுவார்? சம்பா பருவத்திலோ வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் வயலைக் காயவைக்க நினைத்தாலும் முடியாது. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய குறுவைப் பருவத்தில் செய்யலாம். ஆனால் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் நீரை மிச்சப்படுத்துகிறவருக்குக் கையில் ஒரு காசும் மிஞ்சுவதில்லை. மாறாக, வெள்ளம் தாங்கும் சி.ஆர். 1009 சப்1 நெல் எங்கள் பக்கம் எளிதில் ஏற்கப்படுவதற்குக் காரணம், பழகிய பொன்மணி (சி.ஆர். 1009) இரகத்திலேயே சப்1ஏ மரபணுவைச் சேர்த்திருப்பதால் விவசாயி தன் வழக்கம் எதையும் மாற்ற வேண்டியதில்லை என்பதே. ஆகவே உங்கள் மகள் அந்த ஆய்வுக்கூடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, ஒரு பருவமாவது விவசாயியின் வயலில் தங்கிச் செய்யும் களப்பணி உண்டா என்று முதலில் கேட்கட்டும்.