மறு: ஃபெயில்ட் ரிஃப்ட் – ‘குறைப்பிளவு’ என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். நம் அகராதியில் ‘ஃபெயில்ட் ரிஃப்ட்’ (failed rift) என்ற நிலவியல் சொல்லுக்கு, அதாவது கண்டம் பிரியத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன பிளவுக்கு, என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் மறுமொழி இது.

> ‘தோல்விப் பிளவு’ போதுமே. இதற்கு ஏன் இவ்வளவு யோசனை?

அண்ணாச்சி, இந்தச் சொல்லை வைத்து நேற்று என் மகளுக்கு விளக்கிப் பார்த்தேன். பத்தாம் வகுப்பு படிக்கிறாள். “யார்கிட்ட தோத்துச்சு?” என்றுதான் முதலில் கேட்டாள். நியாயமான கேள்வி. ‘தோற்ற பிளவு’ என்று மாற்றினால் இன்னும் சிக்கல்; ஒரு ‘ப்’ கூடினால் ‘தோற்றப் பிளவு’ ஆகிப் பொருளே வேறாகிவிடும்.

நடந்ததைப் பார்ப்போம். ஒரு கண்டம் இரண்டாகப் பிரியத் தொடங்குகிறது. மேலோடு இழுபட்டு மெலிகிறது, நடுவில் நிலம் தாழ்கிறது, ஓரங்களில் பாறைகள் முறிகின்றன. ஆனால் முழுதாகப் பிரிவதற்குள் இழுப்பு நின்றுவிடுகிறது. அப்புறம் வண்டல் வந்து மூடிவிடும், மேலே சுவடே தெரியாது. அடியில் முறிவுகள் மட்டும் அப்படியே கிடக்கும். கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து, அந்தக் கண்டத்தைத் தாங்கும் நிலத்தட்டு நெருக்கப்படும்போது அந்த முறிவுகள் வழியேதான் பாறை நழுவுகிறது. ஒருமுறை வெடித்துப் பூசிய சுவர் மறுபடி எங்கே விரிசல் விடும் என்று நம் ஊர்க் கொத்தனாரைக் கேட்டுப் பாருங்கள்.

குஜராத்தின் கட்ச் அப்படிப்பட்ட இடம். இந்தியாவும் ஆப்பிரிக்காவும் ஒட்டியிருந்த கோண்ட்வானா என்ற பழம்பெருங்கண்டம் உடைந்த காலத்தில் விரியத் தொடங்கி நின்றுபோனது. இந்தியத் தட்டு ஆசியாவை முட்டிய பிறகு, அன்று சரிந்து இறங்கிய பாறைகளே அதே முறிவுகள் வழியாக மேலே நெட்டப்படுகின்றன. 1819-இல் அங்கே நிலம் எழும்பிக் குளத்துக்கரை போல நீளமாக நின்றது. ‘அல்லா பந்த்’ என்றார்கள், அல்லா கட்டிய கரை. எவ்வளவு நல்ல பெயர்! 2001 ஜனவரி 26 அன்று பூஜ் பகுதியைத் தரைமட்டமாக்கிய 7.7 அளவு நிலநடுக்கமும் இந்த வகைதான். அமெரிக்காவில் மிசிசிப்பிக் கரையில் 1811–12-இல் வந்த நியூ மாட்ரிட் நிலநடுக்கங்களுக்கு அடியிலும், 50 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ரீல்ஃபுட் பிளவு கிடக்கிறது.

ஆகவே ‘செத்த பிளவு’ சரிவராது. ‘உறங்கும் பிளவு’ என்றால் எழுந்து மீண்டும் விரியும் என்று தோன்றும். கட்சில் நடப்பது விரிதல் இல்லை, நெரிதல்.

குறைவேலை, குறைப்பிரசவம் என்கிறோம். முடியாமல் நின்றது என்ற பொருள் அந்தக் ‘குறை’யிலேயே இருக்கிறது. பின்னாளில் வந்து தொடும் என்பதற்கும் ‘விட்டகுறை தொட்டகுறை’ என்ற பேச்சு இருக்கிறது. அதனால்தான் குறைப்பிளவு என்கிறேன். குறைப்பிளவுப் படுகை, குறைப்பிளவு நிலநடுக்கம் என்று நீட்டவும் வருகிறது.

> ‘உழவுச்சால்’ என்று வைத்தால் நம் மண்ணின் சொல்லாக இருக்குமே?

தங்கச்சி, இதைப் படித்ததும் மகிழ்ந்துபோனேன். இத்தகைய பிளவுப் பள்ளங்களுக்கு ருஷ்ய நிலவியலாளர் நிக்கொலாய் ஷாட்ஸ்கி உருவாக்கிய ‘ஆலகோஜன்’ என்ற சொல்லின் வேரும், உழவுச்சாலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்தான். நீங்கள் அறியாமலே அவர் நினைத்த இடத்துக்குப் போய்விட்டீர்கள். ஆனால் சால் என்பது வடிவத்தைத்தான் சொல்கிறது, பாதியில் நின்றதைச் சொல்லவில்லை. ஆலகோஜனுக்கு நேராக ‘நிலச்சால்’ என்று தனியே பதிந்துகொள்வோம்.

> அப்படியானால் செங்கோட்டை வழியாகப் போகும் அச்சன்கோவில் மண்டலமும் குறைப்பிளவா?

இல்லை. அது இழுபட்டுப் பிரியப் பார்த்த இடமில்லை. ஆழத்தில் பாறைகள் ஒன்றையொன்று உரசி அரைபட்டு நகர்ந்த பட்டை. அதற்கு ‘துணிப்பு மண்டலம்’ (ஷியர் ஜோன்) என்று முன்பே எழுதிவருகிறோம், அதுவே இருக்கட்டும். நம் ஊர்ப்பக்கம் இருக்கிறது என்பதற்காகப் பட்டியலில் சேர்த்தால், பிறகு படிப்பவர்கள் குழம்புவார்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. பாறை முறிந்து நழுவும் இடமான ‘ஃபால்ட்’டுக்கும் பலர் ‘பிளவு’ என்றே எழுதுகிறார்கள். குறைப்பிளவு நிலைக்க வேண்டுமானால் அதைப் ‘பிளவுப்பெயர்ச்சி’ என்று விடாமல் எழுத வேண்டும். நான் மேலே ‘முறிவு’ என்று எழுதியதும் சரியில்லை, திருத்திக்கொள்கிறேன். அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் மறுப்பை எழுதுங்கள். அதன்பிறகு அகராதியில் ஏற்றலாம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து,
அன்புடன்