சின்ன ராஸ்பெர்ரி பையில் ஜாவா எழும்பவே மாட்டேங்குது, அவசரம்

கம்பம்மெட்டு:
வணக்கம். ஏலக்காயைக் காய வைக்கும் ஸ்டோருக்குள் சூடு பார்க்க, ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டரில் ஜாவா நிரல் ஒன்று வைத்திருக்கிறேன். 55 டிகிரி தாண்டினால் வாட்ச்மேன் அறையில் மணி அடிக்கும். கம்பத்தில் வீட்டில் நன்றாக ஓடியது. வண்டன்மேட்டுக்குக் கொண்டு வந்து மாட்டினால் ஜாவா எழும்பவே இல்லை. நாளைக்குப் பச்சைக்காய் வருகிறது. சீக்கிரம் சொல்லுங்கள்.

குமுளி_மின்பணி:
எந்த மாடல்? எந்த சார்ஜர்? நம்ம மலைப்பக்கம் கரண்ட் ஏறி இறங்கும், அதுதான் காரணமாக இருக்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பை தடுமாறும். கரண்ட் குறைந்ததா என்று பார்க்க விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்டு என்று அடித்து வருவதைப் போடுங்கள்.

சித்தூர்ப்புழை:
போர்டை ஸ்டோருக்குள்ளேயா வைத்திருக்கிறீர்கள்? உள்ளே 50 டிகிரி என்றால் சிப் அதற்கு மேல் காயும். முதலில் அதை வெளியே எடுங்கள்.

பைட்கோடு:
தம்பி, 'எழும்பவே இல்லை' என்று எழுதினால் யாரும் பதில் சொல்ல முடியாது. திரையில் வரும் செய்தியை அப்படியே போட வேண்டும். இது அடிப்படை, இங்கே எத்தனையோ பேருக்குச் சொல்லியாயிற்று. சிப் வகையைச் சொல்லும் யூநேம் -எம் என்ன காட்டுகிறது? ஜாவா எந்தப் பதிப்பு?

கம்பம்மெட்டு:
ஸ்டோரில் சிக்னல் கிடையாது, ரோட்டுக்கு ஏறி வந்து எழுதுகிறேன். இங்கே மாட்டியது பை ஜீரோ டபிள்யூ. வீட்டில் இருப்பது பை 3. அதிலிருந்த மெமரி கார்டையே இதில் போட்டேன், லினக்ஸ் ஒழுங்காக வருகிறது. போர்டு வராந்தாவில்தான் இருக்கிறது, சென்சார் ஒயர் மட்டும் உள்ளே போகிறது. மின்பணி அண்ணா சொன்னதற்கு 0எக்ஸ்0, அதாவது குறை எதுவும் இல்லை என்று வந்தது. யூநேம் ஏஆர்எம்வி6எல் என்கிறது. ஜாவா 11. வருகிற செய்தி: 'சர்வர் விஎம் இஸ் ஒன்லி சப்போர்ட்டட் ஆன் ஏஆர்எம்வி7+ விஎஃப்பி'.

தேவாரம்_தெற்கு:
அதில் இருப்பதே 512 எம்பி. சொல்லாவிட்டால் ஜாவா கால் பங்கை ஹீப்புக்கு (நிரலின் வேலை மெமரிக்கு) எடுத்துக்கொள்ளும். -எக்ஸ்எம்எக்ஸ்96எம் போட்டு அதைக் குறைத்துப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

பைட்கோடு:
ஹீப்பும் இல்லை, கரண்டும் இல்லை. இன்னொன்று: ஜீரோ வகை போர்டுகளில் வோல்ட்டேஜ் குறைவதைக் கண்டுபிடிக்கும் சுற்றே கிடையாது. அந்த 0எக்ஸ்0 எதையும் நிரூபிக்காது.

காரணம் செய்தியிலேயே இருக்கிறது. ஜீரோ டபிள்யூவில் பிசிஎம்2835 சிப், அதன் கோர் (கட்டளைகளை நடத்தும் பகுதி) ஏஆர்எம்வி6 என்ற பழைய வகை. பை 3-இல் கார்டெக்ஸ்-ஏ53, அது இரண்டு தலைமுறை புதிது. டெபியன் லினக்ஸில் ஆர்ம்எச்எஃப் என்ற தொகுப்பு வகை என்றால் ஏஆர்எம்வி7. பைக்கான ராஸ்பியன் லினக்ஸ்காரர்கள் அதே பெயரை வைத்துக்கொண்டு ஏஆர்எம்வி6-க்காக எல்லாவற்றையும் மறுபடி கம்பைல் செய்தார்கள். அதனால்தான் ஒரே கார்டு இரண்டிலும் பூட் ஆகிறது, நிரல்களை நிறுவும் ஏபிடியும் எச்சரிக்காமல் ஜாவாவை நிறுவிவிடுகிறது.

ஆனால் ஜாவா நிரலை ஓட்டும் விர்ச்சுவல் மெஷின் (விஎம்) ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிப்புக்கு நேராகப் புரியும் மெஷின் கோடு எழுதுகிற ஆள். சர்வர் விஎம்முக்குள் அப்படி எழுதும் சி2 கம்பைலர் ஏஆர்எம்வி7 முதல்தான் வேலை செய்யும். அதனால் தொடக்கத்திலேயே கோரைப் பார்த்து நின்றுவிடுகிறது. எளிய சி1 கம்பைலர் மட்டும் உள்ள கிளையன்ட் விஎம் ஏஆர்எம்வி6-இல் ஓடும். ரிப்பாசிட்டரியில் ஓபன்ஜேடிகே 8 (ஜாவா 8) இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் லிபெரிக்கா என்ற ஜாவா தொகுப்பின் 32 பிட் ஏஆர்எம் பதிப்பில் ஏஆர்எம்வி6-க்கும் சேர்த்து வருவதை எடுங்கள்.

குமுளி_மின்பணி:
சுற்று இல்லை என்றால் கரண்ட் சரி என்றும் ஆகாதே? நீள ஒயர் போட்டிருந்தால் மாற்றச் சொல்வேன்.

சித்தூர்ப்புழை:
இவ்வளவு பாடு எதற்கு? மணி அடிக்க விர்ச்சுவல் மெஷினைச் சுமக்க வேண்டுமா? பைத்தானில் எழுதினால் தீர்ந்தது.

பைட்கோடு:
பைத்தானும் விர்ச்சுவல் மெஷின்தான். பைத்தான் எழுதிவைக்கும் .பிஒய்சி கோப்பில் இருப்பது என்ன என்று நினைக்கிறீர்கள்? படித்துவிட்டு வாருங்கள்.

சித்தூர்ப்புழை:
படித்திருக்கிறேன் சார். வழக்கமான பைத்தான், அதாவது சிபைத்தான், அதிலிருக்கும் பைட்கோடை (விர்ச்சுவல் மெஷினுக்கான கட்டளைகளை) ஒவ்வொன்றாக எடுத்து நடத்துகிறது, மெஷின் கோடு எழுதுவதில்லை. அது சி மொழியில் எழுதியது, அந்தந்தக் கோருக்குக் கம்பைல் செய்துவிட்டால் எதிலும் ஓடும். நீங்கள் சொன்ன காரணமே என் பக்கம்தான் நிற்கிறது.

தேவாரம்_தெற்கு:
ஜாவாவைப் பெரிய சர்வர் சமாச்சாரம் என்று தள்ள வேண்டாம். 1991-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வீட்டுச் சாதனங்களுக்காக ஆரம்பித்த கிரீன் திட்டத்தில்தான் அது பிறந்தது. எழுதி ஓடிய நிரலை ராத்திரியோடு ராத்திரியாக மாற்றச் சொல்வது நியாயமா?

போடி_ஏலம்:
கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, காய் தெரியும். 55-இல் மணி அடித்து, வாட்ச்மேன் எழுந்து வந்து அடுப்பைக் குறைப்பதற்குள் 60 ஆகிவிடும். பச்சை போய்விட்டால் ஏலத்தில் யாரும் கை தூக்கமாட்டார்கள், எண்ணெயும் போய்விடும். 50-இலேயே அடிக்கட்டும் தம்பி.

கம்பம்மெட்டு:
8 கிடைத்தது, போட்டேன். ஜாவா -வெர்ஷன் வருகிறது. நிரலை ஓட்டினால் 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்', 55.0 என்றும் 52.0 என்றும் சொல்கிறது. சூடு 55 இல்லையே?

பைட்கோடு:
அது டிகிரி இல்லை. கம்பைல் ஆகி வரும் கிளாஸ் கோப்பின் பதிப்பு எண்: ஜாவா 11-க்கு 55, 8-க்கு 52. பை 3-இலேயே ஜாவாசி கம்பைலருக்கு --ரிலீஸ் 8 என்று கொடுத்து மறுபடி கம்பைல் செய்து, அந்த ஜார் கோப்பைக் கொண்டு வாருங்கள். 8-க்கு அப்புறம் வந்த வசதி ஏதாவது பயன்படுத்தியிருந்தால் அங்கேயே பிழை காட்டும், அதை மாற்றுங்கள்.

சித்தூர்ப்புழை:
இன்னமும் சொல்கிறேன், பைத்தானில் இருபது வரி.

கம்பம்மெட்டு:
ஓடுகிறது. 50-இல் வைத்தேன், மணி அடித்தது. ஜீப் வந்துவிட்டது, காய் இறக்கணும். எல்லாருக்கும் நன்றி.

கொழிஞ்சாம்பாறை:
இதே செய்தி எனக்கும் வருகிறது. 2012-இல் வந்த பழைய பை 1 பி மாடல். அதற்கும் இதே வழியா? தம்பி, எந்த மணி, எந்தப் பின்னில் மாட்டினீர்கள்?

பைட்கோடு:
அதுவும் பிசிஎம்2835-தான், இதே வழி. 256 எம்பி மாடலாக இருந்தால் தேவாரம் சொன்ன -எக்ஸ்எம்எக்ஸும் சேர்த்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் ஜீரோ 2 டபிள்யூ பாருங்கள், அதில் கார்டெக்ஸ்-ஏ53 இருக்கிறது, இந்தச் சிக்கலே வராது.